பழைய பெட்டிக்குப் புதிய குரல்

(முனிர்காவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. கம்பனும் இளங்கோவும் வீற்றிருக்க வேண்டிய இடத்தில் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். காதால் கேட்டுப் பெறும் அறிவுக்கு நம் முன்னோர் அத்துணை ஏற்றம் கொடுத்தனர். தாய்மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கோ கேள்வி என்பது இருமடங்கு இன்றியமையாதது. நம் பிள்ளைகள் தெருவில் கேட்பது இந்தி. பள்ளியில் கேட்பது ஆங்கிலமும் இந்தியும். தமிழை அவர்கள் கேட்பது வீட்டில்தான். அந்த வீட்டில் தமிழை ஒலிக்கும் கருவி எப்படி ஒலிக்கிறது என்பது சிறு வினா அன்று. ஆதலின், பழைய வானொலிப் பெட்டியின் ஒலியமைப்பைச் செப்பனிட்டு மேம்படுத்துவது எப்படி, எது செய்யத் தக்கது, எது செய்யத் தகாதது என்பதையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் சிறிது வரலாறு. டெல்லி வானொலி நிலையம் 1936ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் திங்களில் அகில இந்திய வானொலி என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் தோன்றின. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி பிறந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடியும் அரசுப் பணி ஏற்றும் தலைநகருக்கு வந்த குடும்பங்களுக்கு இந்த ஒலிபரப்பு ஊரிலிருந்து வரும் காற்றைப் போல இருந்தது. ஊர்க் கடிதம் வந்து சேரச் சில நாட்கள் ஆகும். வானொலிக்கோ ஒரு நொடியும் ஆகாது. இரவில் மத்திய அலைகள் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். ஆதலால் பகலில் கேட்காத நிலையங்களை இரவில் முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடிப் பிடித்தவர்கள் உண்டு. சிற்றலையில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. இந்தத் தலைநகரில் அமைந்த செய்திப் பிரிவிலிருந்தே தமிழ்ச் செய்தியும் எழுந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் குரல் தமிழ்நாட்டின் சிற்றூர்த் தேநீர்க் கடை வரையில் சென்றது. அது டெல்லியில் பிறந்த குரல். அவ்வம்மையார் 2022இல் மறைந்தார். அவர் குரலைக் கேட்ட பெட்டிகளோ இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.

அவை எத்தகைய பெட்டிகள்? மர்பி, பிலிப்ஸ், புஷ், எச்.எம்.வி., நேஷனல் எக்கோ என்று பெயர் பொறித்தவை. மரத்தால் ஆன உடல். முன்புறம் துணி போர்த்திய ஒலிவாய். கண்ணாடித் தகட்டில் ஊர்ப்பெயர்கள். சிலவற்றில் அலை சரியாகப் பொருந்தினால் இமை குறுகும் பச்சைக் கண். உள்ளே நான்கைந்து வால்வுகள் செவ்வொளி வீசி எரியும். சுவிட்சைத் திருகியதும் பேசாது. அரை நிமிடம் சூடேறிய பிறகே வாய் திறக்கும். வீட்டில் வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் பெற்று ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலத்தவை அவை. ஆகவே அவற்றை வாங்கியவர்கள் நகை வாங்குவது போல யோசித்து வாங்கினார்கள்.

இன்று அத்தகைய பெட்டி ஒன்று ஒரு வீட்டில் இருந்தால், அதன் கதி மூன்று வழிகளில் ஒன்றாக முடிகிறது. முதல் வழி, பழைய சாமான்காரனிடம் எடைக்குப் போவது. இரண்டாம் வழி, உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறும் மரக்கூட்டினுள் ஒரு சிறு ஒலிபெருக்கிப் பலகையும் புளூடூத் கருவியும் வைத்து அலங்காரப் பொருளாக்குவது. மூன்றாம் வழி, பெட்டியின் குறையைக் கண்டறிந்து நீக்கி, இக்காலத்து ஒலியையும் ஏற்கும்படி அதைத் தகுதிப்படுத்துவது. மூன்றாம் வழிக்காகவே நான் வாதாடுகிறேன். இரண்டாம் வழி முற்றும் குற்றமன்று. மின்மாற்றி கருகி, வால்வுகள் உடைந்து, எலி கடித்து உள்ளுறுப்பு ஒன்றும் தேறாது என்ற நிலையில், கூட்டையாவது காப்பது குப்பையில் எறிவதினும் மேல். ஆனால் நன்றாகப் பேசக்கூடிய பெட்டியின் நாவை அறுத்துவிட்டு வேறொரு நாவை ஒட்டவைப்பதை மேம்பாடு என்று சொல்ல என் மனம் இசையவில்லை.

மேம்படுத்த விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது கடைக்கு ஓடுவது அன்று. குறை எது என்று கேட்பது. மருத்துவர் நாடி பார்ப்பது போலப் பெட்டியின் ஒலியைச் செவிமடுக்க வேண்டும். இடைவிடாமல் ரீங்காரம் எழுகிறதா? மின்னோட்டத்தைச் சீராக்கும் பெரிய மின்தேக்கிகள் வறண்டுவிட்டன என்பது பெரும்பாலும் அதன் பொருள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. முழு அலையாகத் திருத்தப்படும்போது எஞ்சும் அலை 100 ஆகும். அந்த 100 சுழற்சிதான் ரீங்காரமாகக் கேட்கிறது. ஒலி கரகரப்பாக, தொண்டை கட்டியது போல் வருகிறதா? வால்வுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள பழைய மெழுகுக் காகித மின்தேக்கி கசிகிறது என்று ஐயுறலாம். அக்கசிவு ஒலியைக் கெடுப்பதோடு நிற்காது. இறுதி வால்வை அளவுக்கு மீறிச் சூடேற்றி அதன் ஆயுளைக் குறைக்கும். விட்டுவிட்டால் மின்மாற்றியையும் எரிக்கும். ஒரு சிறு மின்தேக்கியை 630 வோல்ட்டு தாங்கும் புதிய பாலியெஸ்டர் வகையால் மாற்றினால் தீரும் நோய் இது. ஒலியைக் கூட்டும்போது மட்டும் உரசல் கேட்கிறதா? ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு கிழிந்திருக்கலாம். அல்லது கம்பிச்சுருளின் இடுக்கில் தூசி புகுந்திருக்கலாம். டெல்லியின் கோடைப் புழுதிக் காற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறு கிழிசலை மெல்லிய காகிதமும் நெகிழும் பசையும் கொண்டு ஒட்டிவிடலாம்.

இவ்வாறு பார்த்தால், ஒலி கெட்டது ஒலிபெருக்கியால்தான் என்று நினைத்தவர்களில் பலர், நோய் வேறிடத்தில் இருப்பதைக் காண்பார்கள். நோய் வேறிடத்தில் இருக்க, ஒலிபெருக்கியை மாற்றுவது, கண் நோய்க்குக் காதில் மருந்திடுவது போலாகும்.

சரி, ஒலிபெருக்கியையே மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. செங்கோட்டைக்கு எதிரே உள்ள பழைய லஜ்பத் ராய் சந்தைக்குப் போகிறோம். கடைக்காரர் கார்களில் பொருத்தும் ஒலிபெருக்கியை எடுத்து வைக்கிறார். அதன்மேல் 200 வாட் என்று பெரிய எழுத்து. வீட்டுப் பெட்டியின் ஆற்றலோ மூன்று வாட், மிஞ்சினால் ஐந்து வாட். மூன்று எங்கே, இருநூறு எங்கே என்று மகிழ்ந்து வாங்கி வந்து பொருத்துகிறோம். பெட்டி முன்னிலும் மெல்லப் பேசுகிறது! இது ஏன்? 200 வாட் என்பது அந்த ஒலிபெருக்கி தாங்கிக்கொள்ளும் அளவு. அது கொடுக்கும் அளவு அன்று. மூட்டை சுமக்க வல்லவன் என்பதனால் ஒருவனிடம் மூட்டை இருக்கிறது என்று ஆகிவிடாது. நாம் பார்க்க வேண்டியது உணர்திறன். அதாவது ஒரு வாட் ஊட்டினால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி எழுகிறது என்பது. எடுத்துக்காட்டாக, பழைய காகிதக் கூம்பு 92 டெசிபெல் தருகிறது, புதியது 86 டெசிபெல் தருகிறது என்று கொள்வோம். வேறுபாடு ஆறுதானே என்று எண்ணலாகாது. ஆறு டெசிபெல் என்பது ஆற்றலில் நான்கு மடங்கு. மூன்று வாட் பெட்டி முக்கால் வாட் பெட்டியாகச் சுருங்கிவிடும். பழைய பெட்டியைச் செய்தவர்கள் ஆற்றலில் ஏழைகள். ஆகவே ஒவ்வொரு துளியையும் ஒலியாக்கும் இலேசான கூம்புகளைத் தேர்ந்தார்கள். பெட்டியின் ஆற்றலுக்கேற்ற உணர்திறன் உள்ள ஒலிபெருக்கியைத் தேடுவதே அறிவுடைமை.

அடுத்தது பொருத்தம். திருமணத்தில் மட்டுமன்று, வானொலியிலும் பொருத்தம் பார்க்க வேண்டும். ஈ.எல். 84 என்னும் இறுதி வால்வு ஏறத்தாழ 5,000 ஓம் சுமையை விரும்பும். ஒலிபெருக்கியோ நான்கைந்து ஓம் மட்டுமே. இரண்டையும் இணைத்து வைக்கும் தரகர்தான் வெளியீட்டு மின்மாற்றி. அதன் முதற்சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று. நான்கு ஓம் இருந்த இடத்தில் எட்டு ஓம் வைத்தால், வால்வுக்குத் தோன்றும் சுமை இரட்டித்துவிடும். ஆற்றல் குறையும், ஒலியும் திரியும். இதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஒருபோதும் இயக்கக் கூடாது. சுமையற்ற மின்மாற்றியில் மிகு மின்னழுத்தம் எழுந்து அதன் காப்பையே துளைத்துவிடலாம். ஒலிபெருக்கி ஒன்று போனால் வேறொன்று கிடைக்கும். அந்தப் பெட்டிக்குரிய மின்மாற்றி போனால் எளிதில் கிடையாது.

மிகப் பழைய பெட்டிகளில் இன்னொரு நுட்பம் உண்டு. அவற்றின் ஒலிபெருக்கியில் நிலைக்காந்தம் இல்லை, மின்காந்தம் இருக்கும். அம்மின்காந்தச் சுருள் ஒலிபெருக்கிக்குக் காந்தமாக இருப்பதோடு, மின்னோட்டத்தைச் சீராக்கும் சுருளாகவும் பணிபுரிகிறது. ஒருவர் இரு வேலை பார்க்கும் வீட்டில் அவரை அனுப்பிவிட்டால் இரு வேலையும் நின்றுபோகும். ஆதலின் அத்தகைய ஒலிபெருக்கியை மாற்றுவோர், அச்சுருளின் இடத்தில் ஈடான தடையும் சுருளும் வைத்த பிறகே மாற்ற வேண்டும்.

பெட்டியின் உடலையும் மறக்கலாகாது. சிலர் ஒலி சிதறுகிறது என்று கருதிப் பெட்டியின் பின்புறத்தை அட்டையால் இறுக மூடிவிடுகிறார்கள். பின்புறத் துளைகள் வால்வுகளின் வெப்பம் வெளியேறுவதற்கு அமைந்தவை. அவற்றை மூடினால் பெட்டி வெந்துபோகும், தீயும் பற்றலாம். மேலும் 100 சுழற்சி கொண்ட ஒலியலையின் நீளம் 3.4 மீட்டர். நாற்பது சென்டிமீட்டர் அகலமுள்ள பெட்டியிலிருந்து முரசின் அதிர்வை எதிர்பார்ப்பது, சிறு கிண்ணத்தில் யமுனையை எதிர்பார்ப்பது போலாகும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, உறுதியான பலகைமீது வைத்தால், அப்பெட்டிக்கு இயன்ற தாழ்ந்த ஒலியை அது தானே தரும்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று, எதற்காக ஒலியை மேம்படுத்துகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இக்காலத்து விளம்பரங்கள் எல்லாம் தாழ்ந்த ஒலியையே போற்றுகின்றன; தரை அதிர வேண்டும், நெஞ்சு அதிர வேண்டும் என்கின்றன. நம் வீடுகளின் நிலை என்ன? முனிர்காவின் டி.டி.ஏ. குடியிருப்புகளில் அறைகள் சிறியவை. சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். கிராமத்துப் பகுதியின் சந்துகளிலோ வீட்டின்மேல் வீடு. வெளிவட்டச் சாலையின் ஊர்தி இரைச்சல் ஓய்வதே இல்லை. அந்த இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த ஒலியே. தாழ்ந்த ஒலியைத் தாழ்ந்த ஒலியால் வெல்ல முயன்றால் அண்டை வீட்டாரின் மனம்தான் கெடும், பேச்சு தெளியாது.

பேச்சின் தெளிவு இருக்கும் இடம் வேறு. தொலைபேசி 300 முதல் 3,400 சுழற்சி வரை மட்டுமே கடத்தியும் நாம் ஒருவரையொருவர் அறிந்து பேசினோம் அல்லவா? தமிழின் லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காதுக்கு உணர்த்தும் குறிகள் அப்பகுதியின் மேற்பாதியில்தான் பெரிதும் அமைந்துள்ளன. ழகரத்தின் தனித்தன்மையே, நாவை வளைக்கும்போது அதன் மூன்றாவது ஒலிச்செறிவு தாழ்ந்து வருவதில் இருக்கிறது என்று ஒலியியலார் கூறுவர். சகரத்தின் காற்றொலியோ இன்னும் மேலே செல்வது. தாழ்ந்த ஒலியைப் பெருக்கி மேல் ஒலியை மறைக்கும் கருவி, மழையையும் மலையையும் ஒன்றாக்கிவிடும். வாழையையும் வாளையையும் வேறுபாடின்றி உரைக்கும். இந்தி வழங்கும் ஊரில் வளரும் குழந்தை ழகரத்தை எங்கே கற்கும்? வீட்டார் நாவிலும் வீட்டுக் கருவியிலும்தானே?

இன்னொரு சாராரையும் எண்ணிப் பாருங்கள். முதுமையில் செவித்திறன் குறையும்போது முதலில் மறைவது மேல் ஒலிதான். பெரியவர் ஒருவர், ‘சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை’ என்று சொன்னால், அவர் சொல்வது முற்றிலும் உண்மை. தாழ்ந்த ஒலி அவர் காதில் விழுகிறது. மெய்யெழுத்துகளை வகைப்படுத்தும் மேல் ஒலி விழவில்லை. நாமோ அவருக்காக ஒலியை மேலும் மேலும் கூட்டுகிறோம், வீடே அதிர்கிறது, அவருக்கு மட்டும் விளங்கவில்லை. சில நாட்களில் அவர் கேட்பதையே விட்டுவிட்டு, கூடத்தின் ஓரத்தில் வாய்பேசாது அமர்ந்துவிடுகிறார். ஊரைவிட்டு மகனோடும் மகளோடும் தலைநகருக்கு வந்துவிட்ட முதியோருக்குத் தமிழ் ஒலிதான் துணை. அத்துணையையும் நாம் இழக்கச் செய்யலாமா? பெட்டியின் தொனித் திருகைத் தெளிவின் பக்கம் திருப்புவதே அவருக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி. அதற்குக் காசு செலவில்லை.

அதற்கு மேலும் செய்ய விரும்பினால், எட்டு ஓம் கொண்ட சிறு மேல்ஒலிபெருக்கி ஒன்றை, துருவமற்ற 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாகப் பழைய ஒலிபெருக்கியோடு இணைகரமாகச் சேர்க்கலாம். அம்மின்தேக்கி ஏறத்தாழ 4,200 சுழற்சிக்கு மேற்பட்டதையே அச்சிறு கருவிக்கு விடும். தாழ்ந்தது பழைய கூம்புக்கே உரியது. 1950களில் ஜெர்மானியர் செய்த பெட்டிகள் பலவற்றில் பக்கவாட்டில் இத்தகைய சிறு ஒலிபெருக்கிகள் இருந்தன. ஆகவே இது மரபுக்கு மாறானதும் அன்று.

மேல் ஒலியைத் தருவதற்குக் கருவி இருந்தாலும், வருகின்ற ஒலியில் அது இருக்க வேண்டுமே! மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான் உண்டு. ஆதலால் அவ்வழியே வரும் ஒலி நான்கைந்து ஆயிரம் சுழற்சிக்கு மேல் செல்வது அரிது. பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது. பழைய இந்தியப் பெட்டிகளில் அதற்கு வழியில்லை. இன்று தமிழ் நிகழ்ச்சிகள் கைபேசி வழியாகவே பெரிதும் நம்மை அடைகின்றன. எனவே பழைய பெட்டி இக்காலத்து ஒலியையும் பேச வேண்டுமானால் கைபேசியை அதனோடு சேர்க்க வேண்டும். இதற்காகப் பெட்டியை அறுக்கவோ துளைக்கவோ தேவையில்லை. அப்பெட்டிகளில் பலவற்றின் பின்புறத்தில் இசைத்தட்டுக் கருவிக்கென இரு துளைகள் முன்பே உண்டு. அதைச் செய்த பெரியவர்கள் பின்வரப்போகும் சந்ததிக்குத் திண்ணையில் இடம் விட்டு வீடு கட்டியது போலக் கட்டியிருக்கிறார்கள். கைபேசியின் இடவலக் கம்பிகள் இரண்டையும் நேரே முறுக்கிச் சேர்க்காமல், ஒவ்வொன்றிலும் ஆயிரம் ஓம் தடை ஒன்று வைத்து ஒன்றாக்கி, அத்துளையில் செருகினால் போதும்.

ஆனால் இங்கே உயிர்போகும் அபாயம் ஒன்று உண்டு. அதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பழைய பெட்டிகள் இரு வகை. ஒரு வகையில் மின்மாற்றி இருக்கும். அதன் இரும்புச் சட்டம் வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடர்பற்றது. மற்றொரு வகை, நேர்மின்சாரம், மாறுமின்சாரம் இரண்டிலும் இயங்குமாறு செய்யப்பட்டது. அதில் மின்மாற்றி இல்லை. வீட்டு மின்கம்பி ஒன்று சட்டத்திலேயே இணைந்திருக்கும். செருகி மாறிச் செருகப்பட்டால் அச்சட்டம் முழுதும் 230 வோல்ட்டு! யு.சி.எச்., யு.எல்., யு.ஒய். என்று தொடங்கும் வால்வுகள் உள்ளே இருந்தால் அது பெரும்பாலும் இவ்வகை என்று அறியலாம். அத்தகைய பெட்டியோடு கைபேசியைக் கம்பியால் இணைக்கவே கூடாது. கைபேசியைப் பிடித்திருக்கும் கை உங்கள் குழந்தையின் கையாக இருக்கலாம். மின்மாற்றியுள்ள பெட்டியிலும், அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டு வரை தங்கியிருக்கும். அதனை முறைப்படி வடித்த பிறகன்றி உள்ளே விரல் வைக்கலாகாது. கற்றவர் கையால் செய்விப்பதே நன்று.

பல ஆண்டுகள் உறங்கிய பெட்டியை உடனே முழு மின்சாரத்தில் எழுப்புவதும் தவறு. நம் ஊர்ப் பழுதுபார்ப்போர் கையாளும் சீரீஸ் பல்பு முறை மிகச் சிறந்தது. இழை எரியும் பழைய வகை பல்பு ஒன்றை, நாற்பது அல்லது அறுபது வாட் அளவில், பெட்டிக்கு முன்னே தொடராக வைப்பார்கள். உள்ளே குறுக்கு மின்னோட்டம் இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரிந்து எச்சரிக்கும், பெட்டி தப்பும். இன்றைய எல்.இ.டி. விளக்கு இப்பணிக்கு உதவாது. பின்புறத்தில் 200, 220, 240 என்று மின்னழுத்தத் தெரிவு இருந்தால், அதை உயர்ந்த அளவில் வைத்துத் தொடங்குவதும் நலம்.

இத்தகைய வினாக்கள் நமக்கு மட்டும் எழுவன அல்ல. நம் வீட்டுக் குழந்தைகள் ஆணியடித்த பலகையில் கோலிக்குண்டை உருட்டி விளையாடினார்கள் அல்லவா? அமெரிக்கர் அவ்விளையாட்டையே மின்சாரத்தால் இயக்கிப் பின்பால் என்னும் பெரிய பெட்டியாக்கினர். 1947இல் பந்தைத் தட்டித் திருப்பும் துடுப்புகள் அதில் சேர்ந்தன. தொடக்கத்தில் அதன் ஒலி மணியொலிதான். உலோகச் சட்டங்களைச் சிறு சுத்தி தட்டும். பின்னர் மின்னணு ஒலி வந்தது. 1979இல் வந்த கார்கர் என்னும் பெட்டி ஏழே சொற்களைக் கொண்டு ஆடுபவரோடு பேசியது. கடைவீதியில் இருந்த அப்பெட்டிகளை இன்று வீட்டில் வைத்திருப்போர், அவற்றின் ஒலிபெருக்கிகளை மாற்றிச் செம்மை செய்வதில் பேரார்வம் காட்டுகின்றனர். அவர்களுக்கும் ஓம் பொருத்தம், உணர்திறன், பெட்டியின் அதிர்வு என்னும் இதே சிக்கல்கள்தாம். அவர்களிலும் விவேகமுடையோர், மணிச்சட்டம் உள்ள பெட்டியில் மணியைப் பிடுங்குவதில்லை. பந்து எதைத் தொட்டது என்று ஆடுபவருக்கு அறிவிப்பது அந்த மணிதான். ஒலி அங்கே அலங்காரம் அன்று, செய்தி. நம் பெட்டியிலும் அப்படியே.

இவற்றையெல்லாம் தொகுத்து ஒரே விதியாகச் சொல்வதானால், மீட்க முடியாத மாற்றம் எதையும் செய்யாதிருங்கள் என்பேன். நம் அருகில், இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல், 1973இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதன் கோயில் இருக்கிறது. நாம் மலைமந்திர் என்று அழைப்பது. கோயில்களில் திருப்பணி நடைபெறும் முறையை நீங்கள் அறிவீர்கள். இறைவனைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, கோபுரத்தையும் மண்டபத்தையும் செப்பனிடுவர். விளக்குக்கு மின்சாரமும் கொண்டுவருவர். ஆனால் மூலவர் மூலவராகவே இருப்பார். பழைய பொருளைப் புதுப்பிப்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை. பெட்டியிலும் அவ்வாறே. கழற்றிய பழைய ஒலிபெருக்கியையும் மின்தேக்கிகளையும் ஒரு பையிலிட்டு, எது எங்கே இருந்தது, எந்நாளில் எது மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியிலேயே வைத்துவிடுங்கள். மரத்தில் புதுத் துளை போடாதீர்கள். முன்புறத் துணி நைந்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் அடர்த்தியான துணி மேல் ஒலியை விழுங்கும் என்பதை நினைவில் வைத்து, வாயருகே பிடித்து ஊதினால் காற்று எளிதில் புகும் துணியைத் தேர்ந்தெடுங்கள். நாளை உங்கள் பேரன் அப்பெட்டியைத் திறக்கும்போது, நீங்கள் அவனுக்கு எதிரில் நின்று பேசுவது போல அத்தாள் பேசும்.

இக்காலத்தில் இதெல்லாம் எதற்கு, கைபேசியிலேயே எல்லாம் கேட்கிறதே என்று இளைஞர்கள் கேட்கலாம். கேட்கிறது, உண்மை. ஆனால் கைபேசி ஒருவருக்கே பேசுகிறது. காதில் கருவியைச் செருகிக்கொண்டால் பக்கத்தில் இருக்கும் பாட்டிக்கும் அது பேசுவதில்லை. வானொலிப் பெட்டி கூடத்துக்குப் பேசியது. சமையற்கட்டில் இருந்த அம்மாவும், வாயிலில் இருந்த அப்பாவும், பாடம் எழுதிய பிள்ளையும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் கேட்டார்கள். கேட்ட சொல்லைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சில்தான் பிள்ளைகள் தமிழ் கற்றார்கள். ஒலியமைப்பை மேம்படுத்துவது என்று நான் சொல்வது இறுதியில் இதைத்தான்: வீட்டின் நடுவே ஒரு குரலை மீண்டும் அமர்த்துவது.

சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென ஒதுக்கலாம். உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளைக் கொண்டுவரட்டும். மின்னியல் அறிந்த அன்பர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நோய் நாடிச் சொல்லட்டும். மாணவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்கட்டும். அதே நாளில், பழைய ஒலிநாடாக்களில் உறங்கும் பாட்டன் பாட்டியரின் குரல்களையும் கணினியில் பதிந்து காக்கலாம். நாடாவின் காந்தப் பூச்சு நாளுக்கு நாள் தேய்கிறது. அது நமக்காகக் காத்திருக்காது. ஓலைச் சுவடி தேடி நம் முன்னோர் ஊர் ஊராய் அலைந்தார்கள். நாம் தேட வேண்டிய சுவடியோ நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது.

இன்றிரவு வீடு சென்றதும் செய்யத்தக்க ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டில் ஒலிக்கும் கருவி எதுவாயினும், அதன் தாழ்ந்த ஒலியைச் சிறிது குறைத்து, மேல் ஒலியைச் சிறிது கூட்டிவைத்து, வீட்டில் மூத்தவர் யாரோ அவரை அருகில் அமர்த்தி, ‘இப்போது விளங்குகிறதா?’ என்று கேளுங்கள்.